மழை பெய்த பாத்தியில் கால் வைக்காதீர்கள்

மரக்காணம் உப்பளத்தைப் பற்றி எழுதுங்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் நான் முதல் தடவை அங்கே போனது உப்பளம் பார்க்க இல்லை. கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூட்டிவரப் போனேன். எழுபதுகளின் நடுவில், ஒரு மே மாதம்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மெட்ராஸில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். கோபம் மூக்குக்கு மேல் வரும். எதிர்பார்த்த பிரமோஷன் இன்னொருவனுக்குப் போன அன்று, காபி ஆறிப்போயிருக்கிறது என்று டம்ளரைச் சுவரில் வீசினேன். என் மனைவி தனம் சிந்திய காபியைத் துடைத்தாள். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்கு முன்பும் இரண்டு தடவை டம்ளர் பறந்திருக்கிறது. ஒளிப்பானேன்?

நான்கு நாள் வீம்பாக இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் காலை ஐந்தேகால் பஸ் பிடித்தேன். திண்டிவனத்துக்கு ஐந்து ரூபாய் நாற்பது காசு, மூன்று மணி நேரம். அங்கே இரண்டு இட்லி, ஒரு டீ. பிறகு மரக்காணம் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். பெருமுக்கல் மலை வலது பக்கமா இடது பக்கமா என்றுகூட நான் பார்க்கவில்லை. தனத்திடம் என்னென்ன கேட்டு மடக்கலாம் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பதுக்கு இறங்கினேன்.

தனத்தின் அண்ணன் முனுசாமி பத்து உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"கிளம்பு தனம். ஒரு மணி பஸ்ஸ புடிச்சிடலாம்."

"நான் வரலங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "உங்களுக்குக் கோவம் வர்றப்போல்லாம் நான் செவுத்தோரம் ஒதுங்கி நிக்கணுமா? எத்தினி நாளைக்கு?"

"ஆபீஸ்ல எனக்கு என்ன அநியாயம் நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதுக்கு நான் என்னங்க பண்ணேன்?"

எத்தனையோ ஒத்திகை பார்த்திருந்தேன். இந்தக் கேள்வி மட்டும் அதில் வரவே இல்லை. முனுசாமிதான், "மாப்ள, இன்னிக்கு இங்கயே தங்குங்க. நாளைக்குக் காலைல பேசிக்கலாம்," என்று பேச்சை முடித்தார்.

விடியற்காலையில் எதிர்பாராத மழை, அரை மணி நேரம் அடித்துப் பெய்தது. ஆறு மணிக்கு முனுசாமி உப்பளத்துக்குக் கிளம்ப, நானும் ஒட்டிக்கொண்டேன். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. முதல் நாள் பஸ்ஸிலிருந்து வெள்ளை வெளேரென்று தெரிந்த இடமெல்லாம் வெறும் தண்ணீராக நின்றது. பத்து நாளில் விளைந்த உப்பு கரைந்துவிட்டது. வேலைக்கு வந்த பெண்கள் ஆறு பேர் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். முனுசாமி ஒவ்வொரு பாத்தியாகப் போய், மடையில் அடைத்திருந்த மண்ணை ஒரு விரல் உயரத்துக்கு வழித்துவிட்டுத் தானும் வந்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் நூல் மாதிரி வெளியே போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நஷ்டத்தில் என்ன உட்கார்ந்து கஞ்சி வேண்டிக்கிடக்கிறது? பக்கத்தில் கிடந்த வாளியை எடுத்தேன், வேட்டியை மடித்துக் கட்டினேன், கடைசிப் பாத்தியில் தொபுக்கென்று குதித்துத் தண்ணீரை வாரி வாரி வெளியே இறைக்க ஆரம்பித்தேன். உதவி செய்கிறேனாம்!

"ஐயையோ! ஏம்பா, கால எடு! கால எடு!" என்று ஒரு பெண் கத்தினாள். அஞ்சலை என்று பெயர். என் வயதுதான் இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பாத்தி முழுக்கக் கலங்கிக் கறுத்துவிட்டது.

அஞ்சலைதான் விளக்கினாள். "மழத்தண்ணி லேசு, அது மேலயே நிக்கும். கெட்டியான உப்புத்தண்ணி அடியில இருக்குது. அலுங்காம இருந்தா மேல் தண்ணி மட்டும் தானா போயிடும். நாலு வெயில் அடிச்சா மறுபடி உப்பு பூக்கும். நீ உள்ள எறங்கி ரெண்டையும் கலக்கிட்ட. மிதிச்சுக் கெட்டி பண்ண தரையும் பேந்துபோச்சு. இனிமே இது சேறுதான்."

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது: 'முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியதுதானே?' வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், வரப்பில் டீத்தூக்கோடு தனம் நிற்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பது தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"என் தப்பு மச்சான்," என்றேன். 'என் தப்பு' என்ற அந்த இரண்டு வார்த்தையைக் கல்யாணமான இரண்டு வருஷத்தில் தனம் கேட்டதே இல்லை.

"பரவால்ல மாப்ள, ஒரு பாத்திதான," என்றார் முனுசாமி. தனம்தான் விடவில்லை. "அந்தப் பாத்திய நீங்களே சரி பண்ணிக் குடுங்க. உப்பு எடுத்தப்புறம் ஊருக்கு வர்றதப் பத்திப் பேசலாம்."

ஆபீஸுக்கு லீவு கேட்டுத் தந்தி அடித்தேன். பாத்தியை வடித்து, பாதி காயவிட்டு, குதிகாலால் அங்குலம் அங்குலமாக மிதிக்க வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்து மறுபடி மிதிக்க வேண்டும். ஐந்து நாள் மிதித்தேன். பாதத்தில் வெடிப்பு விட்டு, அதில் உப்பு ஏறி, அப்பப்பா, உயிர் போயிற்று. ஒரு மூலை மட்டும் எத்தனை மிதித்தாலும் விரிசல் விட்டது. இரண்டாம் நாள், மிதிக்கும்போது ஊன்றிக்கொள்ள வைத்திருந்த கம்பைத் தூக்கி எறியப் போனேன். அஞ்சலை, "வரப்புல வந்து உக்காருப்பா," என்றாள். உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோபம் பெரும்பாலும் வடிந்திருந்தது. அடியில் இருந்தது பயம்தான். பிரமோஷன் போனதால் நான் எதற்கும் லாயக்கில்லையோ என்கிற பயம். அதைத் தனத்திடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவள் என் காலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டாள்.

உப்பு விளைய இன்னும் நாள் ஆகும் என்பதால் தனியாகத்தான் ஊர் திரும்பினேன். வருவதாகக் கார்டு போட்டுவிட்டு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில் மறுபடி வந்தேன். இந்தத் தடவை பெருமுக்கல் மலையைப் பார்த்தேன். போகும்போது இடது பக்கம். மரக்காணம் ஸ்டாப்பில் தனம் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"தெனமும் போய் உங்க பாத்தியப் பாத்தேன்," என்றாள். "அந்த மூலையில கூட வெடிப்பு இல்லங்க. நேத்து உப்பு எடுத்தாச்சு. அதான் பையக் கட்டிட்டேன்."

ரோடு என்றும் பாராமல் அழுதுவிட்டேன். உடனே நான் தங்கமாக மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை டம்ளரை ஓங்கியிருக்கிறேன். ஓங்கிய கையைக் கீழே இறக்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம். "வரப்புக்குப் போங்க," என்பாள் தனம். எங்கள் வீட்டில் வரப்பு என்றால் வாசற்படி. மாறிவிடுவோம் என்று நம்புவதற்கு மனிதனுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை, விரிசல் விடாத ஒரு மூலை போதும்.

போகிறவர்களுக்கு: இப்போது ஈ.சி.ஆர். வழியாக நேராகவே போகலாம். புதுச்சேரியிலிருந்து வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பிப்ரவரி முதல் ஜூன் வரை நல்ல சமயம். காலை ஆறரைக்கு அங்கே இருங்கள், ஒன்பதுக்கு மேல் வெள்ளைத் தரை கண்ணைக் கூச வைக்கும். தொப்பி, குடிதண்ணீர் அவசியம். வரப்பில் ஏறுவதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். போட்டோவுக்காகப் பாத்திக்குள் இறங்காதீர்கள், மழை பெய்திருந்தால் இறங்கவே இறங்காதீர்கள்.

இதைப் படித்துக் காட்டினேன். தனம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அஞ்சு நாள் இல்லங்க. ஆறு நாள் மிதிச்சீங்க," என்கிறாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஐந்து நாள்தான். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஆறு நாள்தான். என் தப்பு.