இருசம்மாளின் விரல் கிளிப்

இருசம்மாளின் விரல்கள் கரிக்கட்டை மாதிரி இருக்கும். காடாம்புலியூரில் சின்ன வயதிலிருந்தே முந்திரி உடைத்தவள். கொட்டை எண்ணெய் தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாளாம். இதைச் சொன்னது அவள் புருஷன் பக்கிரி.

2009 மழைக்காலத்தில் நிமோனியாவோடு அவளைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நான் கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப்போய் அங்கே நர்ஸாக இருந்தேன். மூக்கில் ஆக்சிஜன் வைத்து, விரலில் கிளிப் மாட்டினேன். ஊசி குத்தாமல், வெளிச்சம் பாய்ச்சியே, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நிம்மதி. அவளுக்கு மெஷின் எழுபத்தெட்டு காட்டிக் கத்தியது.

"இப்படியே இருந்தா தொண்டையில குழாய் போடணும்" என்றார் டாக்டர். "விரல் கறையால தப்பாவும் காட்டலாம். வேற எடத்துல மாட்டிப் பாருங்க, சவரிமேரி."

கால்விரல்கள் ஜில்லிட்டிருந்தன, மெஷின் ஒன்றும் காட்டவில்லை. காதில் மாட்டும் கிளிப்பை எடுத்தேன். அதற்குத் தோட்டைக் கழற்ற வேண்டும். இருசம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா உசுரோட இருக்கும்போது நான் எதுக்கு மூளிக் காதா கெடக்கணும்? மாட்டேன்."

மூச்சு வாங்கும்போதும் வீம்பைப் பார்! எரிச்சலோடு டாக்டரைத் தேடிப் போனேன். திரும்பி வந்தால் சத்தத்தையே காணோம். தொண்ணூற்றெட்டு! மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் கவனித்தேன், கிளிப்பின் ஒயர் கட்டிலைத் தாண்டி பக்கிரியின் துண்டுக்கடியில் போயிருந்தது. கிளிப் அவர் விரலில்.

"யோவ், அறிவிருக்கா ஒனக்கு?"

"அது கத்தக் கத்த பயந்து அழுவுறா நர்சம்மா. செத்த நேரம் தூங்கட்டுமேன்னு..."

"ஒன் மூச்ச வெச்சு அவ பொழைக்க முடியுமாய்யா?"

முடிந்திருந்தால் கொடுத்திருப்பார், பாவி மனுஷன். அவர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன்.

பக்கிரி எழுந்து அவள் காதருகே குனிந்தார். "நான் நல்லாத்தான இருக்கேன் இருசா? நானே கழட்டுறேன். நீயும் உசுரோட இரு, அது போதும்."

கறுத்த கைகள் மெதுவாக விலகின. திருகாணியைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் ஆனது. காதில் கிளிப் மாட்டினேன். மூவருமாக மெஷினையே பார்த்தோம். தொண்ணூற்று மூன்று. குழாய் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இருசம்மாள் சந்தேகத்தோடு கேட்டாள்: "மாமா, இந்த நம்பர் யாருது?"

"ஒன்னுதுதான்டி" என்றவர் அழுதுவிட்டார். வார்டே பார்க்க அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.