கச்சான் காணியில் நட்ட காடு

மரநடுகைப் படம் எதையாவது கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மரத்தின்மேல் ஒரு கோபமும் இல்லை, அந்தப் பச்சைத் தொப்பிகளின்மேல்தான். முள்ளியவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆறாம் வகுப்புப் படித்தபோது, சுற்றாடல் கழகத்துப் பிள்ளையாக நானும் ஒன்றைப் போட்டிருந்தேன்.

மாரி தொடங்கிய ஒரு சனிக்கிழமை, அரசாங்கத்தின் ஒதுக்குக்காட்டில் மரம் நடவென்று எங்களை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போனார்கள். இறங்கிப் பார்த்தால் மாமி நிலக்கடலை போடுகிற கச்சான் காணி! நாங்கள் முகாமில் கம்பிவேலிக்குள் கிடந்த காலத்தில் அதைப் பற்றை மூடியிருந்தது. மாமா போரோடு போய்விட்டார். திரும்பி வந்த மாமி தனியாளாக வெட்டிக் கொத்தி, விதைக்க மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வன இலாகாக்காரர் காடென்று எல்லைக்கல் போட்டுவிட்டார்கள். மாமி கொத்திய மண்ணில் எங்களுக்குக் குழி தோண்டுவது வெகு சுகமாக இருந்தது.

"இது என்ர மாமீன்ர காணி" என்று பக்கத்தில் நின்றவளிடம் பெருமையாகச் சொன்னேன். மரம் வந்தால் மாமிக்குச் சந்தோஷம்தானே.

விதைக்கச்சான் பையோடு வந்த மாமி அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா, இது என்ர காணி. நாங்கள் முகாமில இருக்கேக்க வளந்த பத்தையைத்தான் வெட்டினனான்."

"மரம் நிண்டா அது காடுதான் அம்மா. காணிப் பெர்மிட் இருக்கோ?" என்றார் எங்களைக் கூட்டிவந்த வன இலாகா அதிகாரி.

"செல்லடிக்க ஓடேக்க பிள்ளையளைத் தூக்கிறதோ, பெர்மிட்டைத் தூக்கிறதோ?"

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளையள், காட்டை வெட்டலாமோ?"

"கூடாது!" என்று கத்தினோம். எல்லோரையும்விட என் குரல்தான் பெரிது. மாமியின் காணியைக் களவெடுக்க மாமியின் மருமகளையே கூட்டிவந்திருந்தார்கள்.

மறுநாள் மாமி கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கச்சான் விதைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை அந்த அதிகாரி பள்ளிக்கூடத்துக்கே வந்து, கன்றுகளைப் பிடுங்கியது யாரென்று தெரியுமா என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். உண்மை சொன்ன பிள்ளைக்குக் கை தட்டச் சொன்னார்கள், சட்டையில் ஒரு பச்சைச் சின்னமும் குத்திவிட்டார்கள்.

மாமியின்மேல் போட்ட வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. காணி போனது போனதுதான். திரும்ப நட்ட கன்றுகளுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்ற ஒருவனும் வரவில்லை. அடுத்த கோடையிலேயே எல்லாம் கருகின. படம் எடுத்தாயிற்று, பிறகென்ன?

அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே மாமியைப் பிடித்துப்போக ஜீப் வந்துவிட்டது. ஏறுமுன் மாமி என் சட்டைச் சின்னத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "மச்சாள், பிள்ளை இன்னும் சாப்பிடேல்லை, சோத்தைப் போட்டுக் குடுங்கோ" என்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

தான் செய்தது பிழையென்று மாமிக்கே விளங்கிவிட்டது என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.