பாக்கலாமுங்க என்று சொன்னவன்

எங்கள் கல்லூரி விளையாட்டு அறையில் ஒரு மரப்பலகை உண்டு. கல்லூரி அணியில் கால்பந்து ஆடி, பிறகு அதையே தொழிலாக எடுத்துக்கொண்டு வெளியூர்க் கிளப்புகளுக்குச் சம்பளத்துக்கு ஆடப் போனவர்களின் பெயர்கள் அதில் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும். மொத்தம் ஏழு பெயர்கள். கடைசிப் பெயர் என்னுடையது. நான் எந்தக் கிளப்புக்கும் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.

இதை இப்படி நேராக எழுத எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நான் பயந்த சுபாவம். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். கோவையில் கணபதிப் பக்கம் பம்பு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன்; லேத்து சத்தம் கொஞ்சம் மாறினாலே ஓடிப்போய் மெஷினை நிறுத்திவிடுவேன். ஆனால் இருபத்தோரு வயதில் இடது காலால் பந்து ஆட எங்கள் கல்லூரியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. மைதானத்தில் மட்டும் எனக்குப் பயம் வராது. பயப்பட அங்கே நேரம் இல்லை, அதனால்தான்.

அணியில் இன்னொரு இடது கால்காரன் இருந்தான். வால்பாறையில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன். அதனால் எல்லோருக்கும் அவன் பெயரே வால்பாறைதான். லெஃப்ட் பேக் இடத்தில் எனக்கு மாற்று ஆள். என் கணுக்கால் பிசகினால்தான் அவனுக்கு ஆட்டம். அப்படியிருந்தும் என் கணுக்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் அவன்தான். அவனை நினைத்தால் இன்றும் முதலில் அந்த எண்ணெய் வாசம்தான் வருகிறது.

கடைசி வருடம், கேரளத்துக் கிளப் ஒன்றின் மேனேஜர் எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து விளையாட்டு அறைக்குப் போன் வந்தது. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் பி.டி. சார் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்று சிரித்தார். லெஃப்ட் பேக் வேண்டும், சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு, வெள்ளிக்கிழமை நானே கோவைக்கு வருகிறேன், ரயிலில் சேர்ந்து போய்விடலாம் என்றார் மேனேஜர். "மோனே, வருமல்லோ?" வருவாய்தானே என்று அவர் பாஷையில் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்வதில்லை. சொன்னால் அது பகை. பெண் தர இஷ்டமில்லை, தோட்டங்காட்டை விற்கும் எண்ணமில்லை, கல்யாணத்துக்கு வரத் தோதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: பாக்கலாமுங்க. கேட்டவரும் புரிந்துகொண்டு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். இருவருக்கும் மரியாதை குறையாது.

நானும் அதைத்தான் சொன்னேன். "பாக்கலாமுங்க சார்."

"ஓக்கே, காணாம்!" என்று அவர் சந்தோஷமாகப் போனை வைத்தார். மலையாளத்தில் 'காணாம்' என்றாலும் பார்க்கலாம்தான்; ஆனால் அது நேரில் சந்திப்போம் என்று விடைபெறுவது. நான் சொன்னதையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பி.டி. சார் உள்ளூர்க்காரர், அவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் மேனேஜர் மறுநாள் அவரைப் போனில் கூப்பிட்டு, பையன் சரி சொல்லிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். பல வருடமாக ஆறு பெயரோடு நின்றுபோன பலகை. நல்ல செய்தியை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அன்று சாயங்காலமே பெயிண்டரை வரவழைத்து என் பெயரை எழுதவைத்துவிட்டார். ரயில் வருவதற்கு மூன்று நாள் முன்பே நான் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிட்டேன்.

அப்பா விடவில்லை என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் அவர் "போயிட்டு வா சாமி, ஆடற வயசுல ஆடோணும்" என்றுதான் சொன்னார். தடுத்தது யாருமில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். தெரியாத ஊர், தெரியாத பாஷை. முட்டி போய்விட்டால்? நன்றாக ஆடவில்லை என்று பத்தே நாளில் திருப்பி அனுப்பிவிட்டால்? மூன்று நாளும் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜங்ஷனுக்குப் போனேன், வரவில்லை என்று சொல்வதற்காக. தனியாகச் சொல்ல வாய் வராது என்று வால்பாறையைத் துணைக்குக் கூட்டிப் போனேன். அப்படியிருந்தும் என் பூட்ஸையும் துணிமணியையும் பையில் போட்டு எடுத்துப் போனேன்.

மேனேஜர் கையில் இரண்டு டிக்கெட்டோடு பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தோளில் கை போட்டார். நான் சிரித்தேன். சாப்பிட்டாயா என்றார், சாப்பிட்டேனுங்க என்றேன். வண்டி வந்தது. ஏறு என்றார். என் கால் நகரவில்லை, வாயும் திறக்கவில்லை.

வால்பாறைதான் சொன்னான். "சார், இவன் வரலை சார். பயப்படறான்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, இனி நான் யாரைப் பிடிப்பேன் என்று அவர் பாஷையில் கத்தினார். சிக்னல் விழுந்துவிட்டது.

"நானும் லெஃப்ட் பேக்தான் சார்," என்றான் வால்பாறை. "நான் வரட்டுமா?"

ரப்பர் செருப்போடு ஏறினான். என் பையை வாங்கிக்கொண்டு ஏறினான். என் பூட்ஸ் அவனுக்கு ஒரு சைஸ் பெரியது. முனையில் பேப்பரைத் திணித்துக்கொண்டு முதல் ஆட்டத்தை ஆடினான் என்று பிறகு கடிதம் எழுதியிருந்தான். மூன்று வருடம் அந்தக் கிளப்பில் ஆடினான். அப்புறம் முட்டி போனது. நான் பயந்ததெல்லாம் அவனுக்கு நடந்தது, நான் ஆசைப்பட்டதும் அவனுக்கே நடந்தது.

பரீட்சை எழுதாமல் போனதால் அவன் டிகிரி முடிக்கவில்லை. அந்தக் கூச்சத்தில் கல்லூரிப் பக்கமே திரும்பவில்லை. ஊரில் பஸ் கண்டக்டராகிவிட்டான். முட்டி போவதற்கு முன்பு ஒருமுறை போனில், "போர்டுல பேரு போட்டுட்டாங்களாடா?" என்று கேட்டான்.

"போர்டு எழுதிட்டாங்கடா," என்றேன்.

பொய் இல்லை. எழுதிவிட்டார்கள்தான். யார் பெயரை என்று அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பி.டி. சாரிடம் ஒருமுறை போய் இழுத்து இழுத்துப் பேசினேன். "அடுத்த தடவை பெயிண்டர் வரும்போது பாக்கலாம்பா," என்றார். அதற்குள் அவர் ஓய்வு பெற்றார். எனக்குப் பெண் பார்த்தபோது புரோக்கர் மாமனாரிடம், மாப்பிள்ளை கேரளாவில் சம்பளத்துக்குப் பந்து ஆடினவருங்க என்று சொல்லிவிட்டார். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காப்பித் தம்ளரைப் பார்த்தேன்.

இந்த வருடம் அந்த மரப்பலகையை எடுத்துவிட்டுக் கருப்புக் கிரானைட்டில் பெயர்களை வெட்டி வைக்கப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஏழு பேருக்கும் பொன்னாடை. என் பழைய போட்டோவைத் தேடிப்பிடித்துப் பேனரிலும் போட்டுவிட்டார்கள். மறுநாள் வால்பாறையிடமிருந்து போன்.

"டேய், நம்ம போர்டைக் கல்லுல வெட்டறாங்களாமே? எம் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா. ஸ்கூல் டீம்ல அவளும் லெஃப்ட் பேக்தான். அப்பா பேரை நேர்ல பாக்கணும்கிறா. லீவு சொல்லிட்டேன், கூட்டிட்டு வரேன்."

பத்து நாள் இருந்தது. பத்து நாளும் அந்தப் பெண் கல்லின் முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வருவதுதான் கண்ணில் ஓடியது.

மூன்றாம் நாள் கல்லூரிக்குப் போனேன். இப்போதிருக்கிற பி.டி. மேடம் சின்ன வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். போகும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய் உட்கார்ந்து சொன்னது இவ்வளவுதான்: "மேடம், போர்டுல எம் பேரைக் கொஞ்சம் பாத்துக்குங்க. அது சரியில்லீங்க."

"ஐயோ சார், இனிஷியல் விட்டுப்போச்சுங்களா? மாத்திப்போடறேனுங்க!"

"அதில்லீங்க…" என்றேன். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்ததும், சொல்லிவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. என்னைப் போன்ற ஆளுக்கு நிம்மதி கிடைக்க அவ்வளவு போதும். அது அன்று ராத்திரிவரைகூடத் தாங்கவில்லை.

வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, நாலு நாளா மூஞ்சியே செரியில்ல. பட்டறைல ஏதாவதுங்களா?" அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப எங்கப்பன்கிட்ட புரோக்கர் சொன்னதும் பொய்யுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அது கெடக்குதுங்க. அந்தப் புள்ள வர்றதுக்குள்ள சொல்லிப்போடுங்க," என்றாள்.

தினமும் போனைக் கையில் எடுத்தேன். தினமும் கீழே வைத்தேன்.

விழா அன்று காலை, கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விட்டேன். கல்லை மூடியிருந்த துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். என் பெயர் இருந்தது, இரண்டு இனிஷியலோடு, பி.காம். என்ற பட்டத்தோடு. மற்ற ஆறு பேருக்கும் பட்டம் போடவில்லை. நான் கேட்டேன் என்று எனக்கு மட்டும் அக்கறையாகச் செய்திருந்தார்கள்.

மேடத்தைத் தேடிப் பிடித்து, "நான் ஆடவே இல்லீங்க மேடம்," என்றேன். அவர் சிறப்பு விருந்தினரின் காரை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க சார், அப்புறமா பாக்கலாங்க," என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சொல்லை என்னைவிட யார் அறிவார்?

வால்பாறை வந்தான். தலை நரைத்துவிட்டது, வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறான். மகள் அவனைவிட உயரம். "மாமா," என்று சிரித்தாள். நாலாவது வரிசையில் அவர்கள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். சொல்லு, இப்போதாவது சொல்லு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வெயில் எப்படி இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தேன்.

மேடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வால்பாறை முழங்கையால் இடித்தான். "போடா, உன்னைத்தான். உன் பேரு எப்படிடா வந்துச்சு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "எல்லாருக்கும் வணக்கமுங்க. கல்லுல ஏழாவதா இருக்கறது எம் பேருங்க. அது தப்புங்க. நான் போகலீங்க. ரயில் ஏறினது அதோ நாலாவது வரிசையில உக்காந்திருக்கானே, அவனுங்க."

கொஞ்சம் சலசலப்பு. தொகுத்துப் பேசுகிறவர் மைக்கை வாங்கி, "எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள்! நண்பரை முன்னிறுத்துகிற இந்தப் பெருந்தன்மை…" என்று ஆரம்பித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என் தோளில் பொன்னாடை விழுந்தது. அந்தக் கைதட்டலோடு இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

மைக்கைத் திரும்பப் பிடுங்கினேன். "தன்னடக்கம் இல்லீங்க. பொய்யுங்க. இருவது வருசமா நான் சொல்லாம உட்ட பொய்யுங்க. நான் பயந்துட்டேனுங்க."

கைதட்டல் நின்றது. பொன்னாடையைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தேன். நாலாவது வரிசையில் அவர்கள் இருவரின் நாற்காலிகளும் காலியாக இருந்தன.

அவர்கள் துணியை ஒதுக்கிவிட்டுக் கல்லின் முன்னால் நின்றார்கள். அவள் விரலை ஒவ்வொரு வரியாக இறக்கி, கடைசி வரியில் நிறுத்தியிருந்தாள். "மாமா, இதை மாத்திருவாங்களா?"

"மாத்த மாட்டாங்க கண்ணு," என்றேன். "நான் போய்ப் போய்க் கேக்கறேன். ஆனா இப்போதைக்கு மாத்த மாட்டாங்க."

பொன்னாடையை நீட்டினேன். வால்பாறை வாங்கவில்லை. உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை என் காரில் வந்தான். பொள்ளாச்சி பஸ் நின்றிருந்தது. மகளை முதலில் ஏறச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"முட்டி போய் ஊருக்கு வந்தப்ப எங்கப்பா கேட்டாரு, மூணு வருசத்துல என்னடா மிச்சம்னு. காலேஜ் போர்டுல பேரு இருக்குப்பான்னேன். சாகறவரைக்கும் லயத்துல எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருந்தாரு."

மன்னித்துவிடு என்று சொல்லத் தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வரட்டுமாடா?" என்று மட்டும் கேட்டேன்.

படியில் காலை வைத்து என்னைப் பார்த்தான்.

"பாக்கலாம்," என்றான்.

பஸ் கிளம்பிவிட்டது. எங்கள் ஊர் அர்த்தத்தில் சொன்னானா, மூன்று வருடம் கேரளத்தில் இருந்தவனாகச் சொன்னானா என்று அவன் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.