பன்னிரண்டு பக்கம் இல்லாத நாவல்

எங்கள் தொழிற்சாலைக்குள் புத்தகம் கொண்டு போக முடியாது. வாசலில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். சாப்பாட்டு டப்பாவைத் தவிர மற்றதெல்லாம் வெளியே ரேக்கில், ஷிப்டு முடிந்துதான் கைக்கு வரும். அதனால் ஆளுக்கொரு வரியைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம். ஏதாவது ஒரு நாவலின் முதல் வரி.

இரண்டாம் ஷிப்டுக்கான கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்துக்கு ஒன்றரை மணிக்கு வரும். ஒரு மணிக்கே டீக்கடை பெஞ்சில் மூன்று பேர் சேர்ந்துவிடுவோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மண்ணூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லைனின் கடைசியில் நின்று பொருளைச் சோதிக்கிற திருநெல்வேலிப் பெண், ஹாஸ்டலில் இருப்பவள். அப்புறம் நான். பிடித்த நாவலின் முதல் வரியை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நாவலின் பெயரோ எழுதியவர் பெயரோ சொல்லக் கூடாது. கேட்டவர்களுக்கு மேலே படிக்கத் தோன்றினால் பஸ் கண்டக்டர் மாதிரி ‘ரைட்’, இல்லையென்றால் ‘ஹோல்டான்’. ரைட் வாங்கினவர் மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து தர வேண்டும். டீ மாஸ்டர் ஒரு நாவலும் படித்ததில்லை. ஆனாலும் ஓட்டுப் போடுவார். மழை, நிலா என்று ஆரம்பித்தால் வரி முடிவதற்குள்ளேயே ஹோல்டான்தான்.

“வானிலை அறிக்கை காலைலயே கேட்டாச்சு சார். ஆளு எப்ப வருவான்?”

சட்டம் ஒன்றே ஒன்று. வரி புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். சொந்தமாக இட்டுக்கட்டினால் பெஞ்சை விட்டு இறங்கிவிட வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் கிரானைட், கோவையில் வார்ப்படப் பட்டறை. சில இடங்களில் பட்டினி, ஓரிடத்தில் அடி, பெரும்பாலும் சலிப்பு. எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. இங்கே இரண்டு வருஷம் தாண்டியது இந்த பெஞ்சினால்தான்.

போன ஊரிலெல்லாம் பழைய பேப்பர் கடை இருந்தது. எடைக்குப் போட்ட நாவல்களை எடைக்கே வாங்கிப் படித்தேன். அட்டை இருக்காது, அட்டையோடு முதல் சில பக்கங்களும் போயிருக்கும். கடைசிப் பக்கம் இல்லாததைத் தொட மாட்டேன். முதல் பக்கம் இல்லையே என்று கவலைப்பட்டதில்லை. நடுவழியில் ஏறியவனும் ஊருக்குப் போய்ச் சேருகிறான்தானே.

இப்படிப் படித்தவனிடம் எத்தனை முதல் வரி இருக்கும்? என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை, பல வருஷமாக அறையில் என் பயணப் பையிலேயே கிடக்கும் புத்தகத்தின் வரியைத் தயங்காமல் சொன்னேன்.

“அதற்குப் பிறகு அவள் யாருக்காகவும் கதவைத் திறக்கவில்லை.”

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, “ரைட்!” என்றார். மண்ணூர்க்காரரும் ரைட். அந்தப் பெண் மட்டும் கேட்டாள்: “எதுக்குப் பொறவுண்ணே?”

“படிச்சா தெரியும்.”

எனக்கே தெரியாது. அந்தப் புத்தகம் பதின்மூன்றாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது.

மறுநாள் மறந்துவிட்டேன் என்றேன். புதன்கிழமை, கூட அறையில் இருப்பவன் வாங்கிப் போயிருக்கிறான் என்றேன். அவளுக்கு வெள்ளியோடு ஒப்பந்தம் முடிகிறது. சனிக்கிழமை ஊருக்குப் பஸ். “எதுக்குப் பொறவுன்னு தெரியாம நான் பஸ் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள். வியாழக்கிழமை புத்தகத்தைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தேன்.

மண்ணூர்க்காரர் புரட்டிப் பார்த்தார். “இன்னாபா இது? எஞ்சினே இல்லாத வண்டிய நாலு நாளா ஓட்டிக்கினு கீறே!”

“வண்டி ஓடிச்சே சார்” என்றார் டீ மாஸ்டர்.

“நான் ஒண்ணும் இட்டுக்கட்டலண்ணே. எனக்கு இந்த புக்கோட மொத வரி இதான்.”

“உனுக்கு மொத வரி. புக்குக்கு அது பதிமூணாம் பக்கம். சட்டம் சட்டம்தான், எறங்கு.”

அவள் புத்தகத்தை எடுத்துத் தன் பையில் வைத்தாள். “செக் பண்ணாம ரிஜெக்ட் போடப்படாது. சனிக்கிழம சொல்லுதேன்.”

அன்றும் வெள்ளிக்கிழமையும் நான் பஸ் நிறுத்தக் கம்பியில் சாய்ந்தபடி டீ குடித்தேன். அங்கே நிற்பவர்கள் ஓவர்டைம் பற்றி மட்டும்தான் பேசினார்கள். பத்தடி தூரத்தில் பெஞ்ச். இதே மாதிரி ஒரு மதியத்தில்தான் கோவையை விட்டுக் கிளம்பினேன் என்பது ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை அவள் பெட்டியோடு வந்தாள். கைகாட்டி என்னையும் பெஞ்சுக்குக் கூப்பிட்டாள்.

“ரெண்டு தடவ படிச்சிட்டேன். நாப்பதாம் பக்கத்துல அண்ணன்காரன் வந்து தட்டுதான், தெறக்கல. தொண்ணூறுல பால்காரன், தெறக்கல. ஏன்னு எங்கயும் சொல்லல. அந்தப் பன்னெண்டு பக்கத்துலதான் இருக்கு. எப்படிண்ணே பேசாம படிச்சீங்க?”

“பேசாம படிக்கலம்மா. ஊருக்கு ஒரு காரணம் வெச்சிக்குவேன். திருப்பூர்ல இருந்தப்ப, அவ வீட்டுல திருட்டு போயிருக்கும்னு நெனச்சேன். ஓசூர்ல, கொழந்த அந்தக் கதவு வழியாத்தான் வெளிய போயிருக்கும்னு.”

மண்ணூர்க்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். “இங்க?”

“இங்க வந்து இன்னும் யோசிக்கல.”

எங்கள் லைனில் சரியில்லாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு. திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள். அவள் பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்துப் பதின்மூன்றாம் பக்கத்தில் ஒட்டினாள்.

“ரீவொர்க். அந்தப் பன்னெண்டு பக்கத்தயும் நீங்களே எழுதுங்க. உங்க கதைன்னு சொல்லியே எழுதுங்க. மொத வரிய போன்ல சொல்லுங்க, ரைட்டா ஹோல்டானான்னு சொல்லுதேன்.”

“அதுவரிக்கும் குந்து” என்றார் மண்ணூர்க்காரர், நகர்ந்து இடம் விட்டபடி. “ஆனா ஓரமா குந்து.”

அவளுடைய பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று மாதத்தில் எட்டு வரி சொன்னேன். பெஞ்சில் போனை ஸ்பீக்கரில் வைப்போம். எட்டுக்கும் அவளிடமிருந்து ஹோல்டான். ஒன்று, “பேப்பர் செய்தி மாதிரி இருக்கு.” இன்னொன்று, “அழுமூஞ்சி.” டீ மாஸ்டர் ரைட் சொன்ன ஒன்றைக்கூட அவள் ஏற்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு ஹோல்டானுக்கும் அடுத்த வரி கொஞ்சம் நேரானது.

போன வாரம் ஒன்பதாவது. “தட்டியவன் அவள் புருஷன் பெயரைத்தான் சொன்னான், குரல்தான் வேறு.”

போனில் அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. மண்ணூர்க்காரர் என்னைப் பார்த்தார். ரைட்டும் வரவில்லை, ஹோல்டானும் வரவில்லை.

“அடுத்த வரி என்னண்ணே?” என்றாள்.

என்னிடம் இல்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, ஏறிவிட்டேன். வாசலில் வழக்கம்போல் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், டப்பா மட்டும்தான் இருந்தது. ஷிப்டு முடிவதற்குள் மூன்று வரி கிடைத்தது.