டி பெரியவனுக்கு, ஈ சின்னவனுக்கு

என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் பாகம் பிரித்த அன்று, உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரைக்கூட விடவில்லை. சாலவாக்கம் ஏரிக்குக் கீழே இருக்கும் கழனியின் நடுவில் வரப்பு போட்டாயிற்று. கம்ப்யூட்டர் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், "அதுல எத்தினி ரூமும்மா கீது?" என்று என்னைக் கேட்டார். சி, டி, ஈ என்று மூன்று என்றேன். சி-யில்தான் கம்ப்யூட்டர் ஓடுவதற்கான சரக்கு இருக்கிறது என்றும் சொன்னேன். "அப்ப கெணறு மாதிரி, சி பொது. டி பெரியவனுக்கு, ஈ சின்னவனுக்கு" என்று முடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் அப்படியேதான் நடந்தது.

அதற்கு முன்பு இரண்டு பேரும் சேர்ந்து மைக் செட் வைத்திருந்தார்கள். அண்ணன் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார், தம்பி பேசுவார். கூழ் ஊற்றுவது, ஏரி மதகு திறப்பது, யாராவது இறந்துபோனது, எதுவானாலும் சுற்றுவட்டாரத்துக்கு என் கொழுந்தன் குரலில் தெரிந்தால்தான் தெரிந்த மாதிரி. பாகத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொழுந்தன் கடைக்கு வருவார், அறிவிப்பைப் பதிவு செய்து ஈ-யில் வைப்பார், பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அறிவிப்பு முடிந்ததும் பென் டிரைவில் இருப்பதை அழித்துவிடுவார்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். சேதி கேட்ட அன்று கழனியிலிருந்து சேற்றுக் காலோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிய என் வீட்டுக்காரர், தம்பியோடுதான் திரும்பி வந்தார். வந்ததும் முதல் வேலையாக டிராக்டர் விட்டு நடு வரப்பை எடுத்தார். அதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். என் நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் பல்.

"இங்கயும் வரப்ப எடுத்துட்டேன்மே. ஒண்ணா ஆயிடுச்சி பாரு. தம்பிக்கும் போன்ல சேதி போட்டுட்டேன், பாக்க வந்துகினு கீறான்."

திரையைப் பார்த்தேன். டி-யும் இல்லை, ஈ-யும் இல்லை. இரண்டும் இருந்த இடத்தில் 'ஒதுக்கப்படாத இடம்' என்று ஒரே நீளமான கறுப்புப் பட்டை. புதிதாக ஒன்றை உண்டாக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் மவுஸின் அம்பு நின்றது. அதை அழுத்தினால் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும்.

"கைய எடுய்யா மொதல்ல!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு கத்தற? கயனில வரப்ப எடுத்தா பயிரு எங்கனா பூடுமா? ரெண்டு பக்கமும் அப்டியேதான கீது?"

அந்த ஆளை என்ன செய்வது? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அப்போதே கொழுந்தன் வந்து நின்றார், கழுத்தைச் சுற்றித் துண்டோடு. மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் போனில் தட்டி என்னிடம் நீட்டினார். "அண்ணி, என் கொரலு?"

அந்தக் கேள்வியைப் படித்ததும் என் கோபமெல்லாம் வடிந்து பயம் வந்தது. அவர் குரல் என்று உலகத்தில் இருந்தது அந்த ஈ-யில் மட்டும்தான்.

இப்படிப்பட்ட வேலைக்கு ஓர் இலவச மென்பொருள் உண்டு. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும், மவுஸுக்கு வேலையே இல்லை. சி பிழைத்திருந்ததால் அதிலிருந்தே ஓட்டினேன். நாம் 'எழுது' என்று சொல்லும் வரை அது டிஸ்க்கில் ஒரு புள்ளிகூட வைக்காது, படிக்க மட்டும் செய்யும். அந்தத் தைரியத்தில்தான் கை வைத்தேன்.

முதல் தேடலில் சி-யும் டி-யும் வந்தன, ஈ வரவில்லை. ஆழமாகத் தேடச் சொன்னேன். டிஸ்க்கின் முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை அங்குலம் அங்குலமாக அது நடக்க, திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. கொண்டுபோன சாப்பாட்டை யாரும் தொடவில்லை. அண்ணன் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். தம்பி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி முனையை நெருங்கியபோது திரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. ஈ ஆரம்பிக்கும் இடம், முடியும் இடம், துல்லியமாக. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒவ்வொரு பங்கும் தன் தலைப்பில் எழுதியிருக்கும் விவரத்தின் பிரதி ஒன்றைத் தன் கடைக்கோடியிலும் வைத்திருக்குமாம். யாராவது கேட்பார்களா என்று தெரியாமலேயே இத்தனை வருஷம் அதைக் காத்து வைத்திருக்கிறது! உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் விசையை அழுத்தினேன். ஆங்கில எழுத்தில் கொழுந்தன் வைத்த பெயர்கள் வரிசையாக இறங்கின. கூழ். மதகு. காவாந்தண்டலம் சாவு. ஒன்றுகூடக் குறையவில்லை. அழிந்தது எது எங்கே தொடங்குகிறது என்ற நாலு வரிக் குறிப்பு மட்டும்தான். என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், பயிர் எங்கேயும் போகவில்லை. அதை அவரிடம் நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

'எழுது' என்று கொடுத்தேன். உறுதிதானா என்று கேட்டது. சாமியை வேண்டிக்கொண்டு ஆமாம் என்றேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் டி-யும் ஈ-யும் பழையபடி வந்து நின்றன.

கொழுந்தன் என்னை விலக்கிவிட்டு அவரே மவுஸைப் பிடித்தார். எல்லாவற்றுக்கும் கீழே இருந்த மிகப் பழைய பதிவைத் திறந்தார். பாகத்துக்கு முந்தையது. சண்டை போட்ட காலம் முழுக்க அதை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"அலோ… அலோ… மைக் டெஸ்டிங்… ஒன், டூ, த்ரீ…"

கடை முழுக்க அந்தக் கணீர்க் குரல். அவர் உதடுகள் கூடவே அசைந்தன, சத்தம் இல்லாமல். என்னால் பார்க்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

"அண்ணே, அங்க கேக்குதா?" என்றது பதிவு.

வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், மரத்தின் மேலிருந்து பழக்கமான அதே உரத்த குரலில், "கேக்குதுடா!" என்றார்.