டாரல் முடிக்காத கீழ்த்தளம்

டாரல் ஹலிச் இருபத்தாறு வருடம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். எட்மண்டனின் வடக்குப் பக்கத்தில் அவன் வயரிங் செய்யாத தெரு குறைவு. நகராட்சி ஆய்வாளர்கள் அவன் பெயரைப் படிவத்தில் பார்த்தால் டார்ச்சைக்கூட எடுக்காமல் கையெழுத்துப் போட்ட காலம் உண்டு. அப்பேர்ப்பட்டவன் தன் முன்னாள் மனைவி வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்று முறை ஃபெயில் ஆனான். அதில் இரண்டு முறை வேண்டுமென்றே.

வீடு அவன் மனைவி கொலீனுக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. விவாகரத்தில் டாரலுக்குக் கிடைத்தவை அவனுடைய வேன், கருவிகள், பாதி மான்கறியோடு ஒரு ஃப்ரீசர், அப்புறம் மகள் ஹேலியோடு புதன்கிழமைகளும் ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளும். பதிமூன்று வயதுப் பெண்ணை வாரத்துக்கு ஒன்றரை நாள் என்று வெட்டிக் கொடுத்த நீதிபதி நல்ல மனிதராம். டாரலே அப்படித்தான் சொன்னான். யாரையும் குறை சொல்லத் தெரியாது அவனுக்கு. அது நல்ல குணம் என்று நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்கட்டும்.

கையெழுத்து ஆன வாரமே கொலீன் அவனைக் கூப்பிட்டாள்.

"கீழ்த்தளத்த வாடகைக்கு விடற மாதிரி பண்ணிக் குடு. திருட்டுத்தனமா இல்ல, சட்டப்படி. தனி சமையல் ரூம், தனி பாத்ரூம், தனி கரண்ட் பெட்டி, எல்லாம். அது முடியற வரைக்கும் நீ கீழயே படுத்துக்கோ."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தெரியும். டாரலுக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே வந்துவிட்டான். காரணம் ஹேலி. அவள் பிறந்து முதல் பத்து வருடமும் அவன் வடக்கே எண்ணெய் முகாம்களில் இருந்தான். இருபது நாள் அங்கே, எட்டு நாள் வீட்டில். அவள் நடந்தது, பல் விழுந்தது, முதல் முறை ஐஸில் வழுக்கி விழுந்தது எல்லாம் ஃபோனில் பார்த்ததுதான். இப்போது ஒரு மாடிப்படி தூரத்தில் அவள் இருக்கிறாள். காலையில் அவள் குளிக்க ஓடும் காலடிச் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அதற்கும் சட்டம் வந்து குறுக்கே நின்றது. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே தீ பரவாத கூரை வேண்டும், சத்தமும் இறங்கக் கூடாது. வயர்களை இழுத்து முடித்து, உத்தரங்களுக்கு நடுவே பஞ்சை அடைத்து, இரட்டைப் பலகையை முடுக்கினான். ஒவ்வொரு பலகை ஏறும்போதும் மேலே பேச்சுக் குரல் கொஞ்சம் தேய்ந்தது. முதலில் வார்த்தைகள் போயின, பிறகு சிரிப்பு. கடைசியில் காலடி மட்டும் மிஞ்சியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஸ்க்ரூ டிரைவரால் செய்த ஆள் இவன்தான்.

இரண்டாவது மாதம் ட்ரெண்ட் மேலே குடிவந்தான். பயண வண்டிகள் விற்கிறவன், பல்லெல்லாம் வெள்ளை. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் டாரலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"டாரல், தலைவா, ஒரு உதவி," என்று ஒருநாள் படியிறங்கி வந்தான். "மேல பெட்ரூம் லைட் ரொம்ப பளிச்சுனு அடிக்குது. வெளிச்சத்தக் குறைக்கற சுவிட்ச் ஒண்ணு போட்டுத் தர்றியா?"

டாரல் போட்டுக் கொடுத்தான். தான் பன்னிரண்டு வருடம் படுத்த அறையில், புது மெத்தை விரிப்பின்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு, தூசி விழாமல் துளை போட்டு, வெளிச்சம் மெல்ல மெல்ல மங்குகிறதா என்று நாலு முறை திருப்பிச் சரிபார்த்தும் கொடுத்தான். ட்ரெண்ட் பின்னால் நின்று, "அட, பிரமாதம், இது போதும், இது போதும்," என்றான். டாரல் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கீழே வந்தான்.

முதல் முறை ஃபெயில் ஆனது உண்மையான தப்பு. கரண்ட் பெட்டியின் கதவில் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்ட மறந்துவிட்டான். ஆய்வாளர் சிவப்புத் தாளை ஒட்டும்போது அவருக்கே சங்கடம்.

"உனக்கா ஒட்டறேன்? என்னப்பா ஆச்சு உனக்கு?"

"தூக்கம் இல்ல சார்."

அன்று கொலீன் போட்ட சத்தம் இரட்டைப் பலகையையும் தாண்டிக் கேட்டது. ஆனால் மறு ஆய்வுக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு வாரத்தில்தான் டாரல் வாழ்ந்தான். ஹேலி பெண்கள் ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர். ட்ரெண்டுக்கு விடியற்காலையில் எழும் பழக்கம் இல்லை. ஆகவே மைனஸ் முப்பதில் வேனைச் சூடாக்கி, ஐந்தரை மணிப் பயிற்சிக்கு அவளைக் கூட்டிப்போகும் பாக்கியம் கீழ்த்தளத்துக்காரனுக்குக் கிடைத்தது. வழியில் இருவரும் ஒரே டோனட்டைப் பிய்த்துத் தின்றார்கள். சிவப்புத் தாள் இருக்கும்வரை குடிவைக்க முடியாது, குடி வராத வரை தன்னை யாரும் அனுப்ப மாட்டார்கள் என்பது அவன் மண்டையில் அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது ஆய்வுக்குச் சமையல் மேடைப் பிளக் ஒன்றைச் சட்டம் சொன்ன இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தான். மூன்றாவதற்கு ஹீட்டர் அறையில் ஒரு வயரைக் கிளிப் அடிக்காமல் தொங்கவிட்டான். தப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் அவன் தொழில்காரன்தான். காகிதத்தில் தப்பாக இருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்தாக இருக்கக் கூடாது. புகை வந்தால் மேலும் கீழும் சேர்ந்து அலறும் அலாரங்களை மட்டும் மாதம் இருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

ஊர் சிரித்தது. எலக்ட்ரிக்கல் சாமான் கடை கவுன்டரில் நிற்கும் ரோமெல், மணிலாக்காரன், டாரலைப் பார்த்தாலே ஆரம்பிப்பான்.

"அண்ணே, கண்ணாடி மாத்தணுமா, தொழில மாத்தணுமா? வயர் கிளிப் அடிக்கலன்னு ஃபெயிலாமே! எங்க அத்தை அடிப்பாண்ணே கிளிப்பு!"

"வயசாகுதுடா."

ரோமெல் சிரிப்பை நிறுத்தி அவனை உற்றுப் பார்த்தான். "அண்ணே... வேணும்னே பண்றியா?"

டாரல் கிளிப் டப்பாவின் விலைச்சீட்டைப் படிக்க ஆரம்பித்தான்.

"அடப்பாவி! அந்தம்மா கத்தலையா?"

"மூணாவது தடவ ஒண்ணுமே சொல்லல. சூப் குடுத்தனுப்புனா."

"சூப்பா? அப்ப ஓடிருண்ணே," என்றான் ரோமெல்.

டாரல் ஓடவில்லை. சூப் நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஹேலி கீழே இறங்கி வந்தாள். கடைசிப் படியிலேயே நின்றாள். கண் சிவந்து ததும்பியிருந்தது.

"அப்பா, இந்த வீடு எரிஞ்சு போயிடுமா?"

"யாரு சொன்னது?"

"மூணு தடவ ஃபெயில் ஆயிருக்கில்ல. என் கட்டில் உன் கரண்ட் பெட்டிக்கு நேர் மேல இருக்கு. எனக்குத் தூக்கமே வரலப்பா. வயர் வாசன வர்ற மாதிரியே இருக்கு."

டாரல் பதறிப்போனான். அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து பெட்டியின் மேல் வைத்தான். "பாரு, சில்லுனு இருக்கா? சூடு இருக்கா? இது சும்மா காயிதத் தப்புடா கண்ணு. உன் தலைக்குக் கீழ நான் கொள்ளி வெப்பேனா?"

"அப்ப ஏன் பாஸ் ஆக மாட்டேங்குது?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. உன் பக்கத்தில் இருக்கத்தான் என்று சொன்னால் அவள் அதை மேலே கொண்டுபோவாள். சொல்லாவிட்டால் அவள் தினமும் எரியும் வீட்டில் படுப்பாள். முகாமில் இருந்த வருடங்களில் இந்தக் குழந்தை எத்தனை பயத்துக்குத் தன்னைத் தேடியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். இப்போது ஒரு பயத்தையாவது போக்க முடியும்.

அந்தக் கிளிப்பை அடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை ஆய்வாளரை அவனே கூப்பிட்டான். யாரோ ரத்து செய்த நேரம் ஒன்று கிடைத்து அவர் செவ்வாயன்றே வந்தார், கால்மணி நேரத்தில் பச்சைத் தாளைக் கையில் கொடுத்தார்.

"இதுக்கா இத்தன மாசம் இழுத்தடிச்ச?"

ஹேலி பள்ளி விட்டு வந்ததும் டாரல் அந்தத் தாளைக் காட்டினான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜாக்கெட்டோடு, பையோடு, அப்படியே. அந்த அணைப்பை வைத்துக்கொண்டு அவன் நான்கு நாள் சந்தோஷமாக இருந்தான். அதற்குமேல் யாரும் அவனை விடவில்லை.

சனிக்கிழமை கொலீன் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தாள். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு. ஆள் வருது."

"அதுக்குள்ளயா?"

"நர்சிங் படிக்கற ரெண்டு பொண்ணுங்க. இந்தா, அக்ரிமென்ட்டு. நம்பாட்டி பாரு."

டாரல் பார்த்தான். இருபத்தாறு வருடமாகப் படிவங்களில் தேதியை முதலில் பார்க்கும் பழக்கம். ஒப்பந்தத்தில் போன வாரத்து வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தது. ஹேலி அழுதுகொண்டு வந்ததற்கு இரண்டு நாள் முன்பு. மூன்று முறை ஃபெயில் ஆன இடத்துக்கு, நாலாவது முறை யாரும் கூப்பிடவே இல்லாதபோது, குடிவரும் நாளைக்கூடக் குறித்து கொலீன் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"பாஸ் ஆயிடும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆயிடுச்சில்ல?" என்றாள் கொலீன். "சுவத்துல இந்த ஆணி ஓட்டைய அடைச்சிட்டுப் போ. அந்தப் பொண்ணுங்க ஃபோட்டோ எடுக்கும்."

அடைத்தான். மணல்தாள் தேய்த்து, அதே வெள்ளை பூசினான்.

கிளம்பும் நாளில் ட்ரெண்ட் ஃப்ரீசரின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஏற்றிவிட்டான். டாரல் பிடித்த அறை நகரத்தின் மறு கோடியில், டயர்க் கடைக்கு மேலே. ஹேலி புதுக் கால்கவசம் மாட்டிக்கொண்டு வாசலில் அழுக்கேறிய பனியில் நின்றாள். அது நல்ல விலை உயர்ந்த சாமான், வெளியூர் போய் ஆடும் அணியில் சேர்ந்தவர்கள் போடுவது.

"வாடகை வரும்ல, அதான் வாங்கினோம்," என்றாள். "நீ புதன்கிழம வந்துருவல்ல?"

"வராம?" டாரல் வேன் கதவைச் சாத்தினான். போயிருக்கலாம். போகவில்லை. "ஹேலி, அன்னிக்கு நெசமாவே பயந்தியா?"

அவள் கால்கவசத்தின் பட்டையை இழுத்து இறுக்கினாள்.

"இல்லப்பா. அம்மாதான் அப்படிக் கேக்கச் சொன்னா. வேற எதுக்கும் நீ அசைய மாட்டியாம். ட்ரெண்ட் வெங்காயம் வெட்டி மூஞ்சிகிட்ட புடிச்சான், சிரிப்பு வந்துருச்சு, ரெண்டு தடவ மறுபடி பண்ணோம்."

டாரல் சட்டைப்பையில் வேன் சாவியைத் துழாவினான். அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சற்றுப் பாவமாக இருந்தது. அப்பாவைச் சமாதானம் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"நீ போட்ட வயரு எரியாதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? எங்க டீம்ல எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"தேங்க்ஸ்டா கண்ணு," என்று சொல்லிவிட்டு அவன் வேனைக் கிளப்பினான்.