ஒரு குறையும் இல்லீங்க

கிராமபோன் பெட்டியின் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பெட்டி என்ன பாவம் செய்தது? அதைச் சாக்காக வைத்து எங்கள் வாத்தியாரின் சோற்றில் மண்ணைப் போட்டார்களே, அவர்களைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. மலைமேல் பெரக்கரை நாட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் என்பது புல் வேய்ந்த ஒரே அறை. பதினைந்து பிள்ளைகள், ஒரே வாத்தியார். கீழ்நாட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மனிதர். இன்னொரு வாத்தியார் வேண்டும் என்று மனு மேல் மனுவாக எழுதிப் போட்டார். ஆபீசிலிருந்து வாத்தியார் வரவில்லை, கிராமபோன் வந்தது. இனிமேல் புது முறையில் பாடம் நடத்த வேண்டுமாம். என் அப்பாதான் அடிவாரத்திலிருந்து அதைத் தலையில் சுமந்து ஏறினார். யாரோ ஒரு அம்மாள் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடிய இசைத்தட்டும் ஒரு டப்பா ஊசியும் கூடவே வந்தன.

வேறு ஆளாயிருந்தால் அதை மூலையில் போட்டிருப்பார். இவர் போடவில்லை. பெட்டியைச் சுற்றிவிட்டு, "நாலு மூணு" என்று அந்த அம்மாள் இழுக்கும்போதே ஊசியைத் தூக்கிவிடுவார். யாராவது எழுந்து பலாக்கொட்டைகளை மூன்று மூன்றாக நாலு குவியல் வைத்து எண்ணிக் காட்ட வேண்டும். விடை வந்த பிறகுதான் அம்மாள் மேற்கொண்டு பாடலாம். தப்பாகச் சொன்னால் அடிக்க மாட்டார். "அந்தம்மா காத்துக்கிட்டு இருக்காங்க, மறுக்கா எண்ணு சாமி" என்பார். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கணக்கும் வந்தது. எனக்கு ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்ததும் வகுத்தல் சொல்லித் தருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஊசி தீர்ந்துபோனது. எழுதிக் கேட்டும் வரவில்லை. நாரத்தை முள்ளைச் சீவி ஊசி இருந்த இடத்தில் செருகிப் பார்த்தது நான்தான். குரல் கொஞ்சம் அமுங்கிக் கேட்டதே தவிர, அம்மாள் பாடினாள். வாத்தியார் என்னைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்துவிட்டார். அன்று முதல் முள் கொண்டுவருவது என் பொறுப்பாயிற்று.

ஐப்பசி மழை விட்டதும் வாத்தியாருக்கு மலைக்காய்ச்சல் கண்டது. நினைவு தப்பிக் கிடந்தவரை நாலு பேர் கட்டிலோடு தூக்கிப்போய்க் கீழே அவர் ஊரில் சேர்த்தார்கள். லீவு எழுதி வைக்கவில்லையே, ஆபீசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவருடைய சாமைக் காட்டை மற்றவர்கள் களையெடுத்துக் கொடுப்பார்கள். வெளியாள் யாராவது கேட்டால் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வார்கள். படுத்திருப்பவரின் குறையை அடுத்தவரிடம் சொல்வது ஈனம். வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம்தானே காடு? நான் தினமும் பெட்டியைச் சுற்றினேன், எல்லாரும் சேர்ந்து கத்தினோம். நடுவில் ஊசியைத் தூக்கிக் கேள்வி கேட்க மட்டும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பதினோராம் நாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் டோலியில் வந்து இறங்கினார். தூக்கி வந்த நால்வரில் என் அப்பாவும் ஒருவர். வாத்தியார் எங்கே என்று அவர் கேட்டதும் பிள்ளைகள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொல்வதில்தான் வாத்தியாரின் வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அவருக்குக் காச்சலுங்க. ஆனா இங்க ஒரு கொறையும் இல்லீங்க. நாங்களே படிச்சுக்கறமுங்க."

ஊசிக்கு என்ன செய்கிறீர்கள் என்றார். முள்ளைக் காட்டினேன். சிரித்து, என் தலையைத் தடவி, ஒரு பென்சில் கொடுத்தார். ஒரு பையனை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்டார், அவன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பரீட்சை அவ்வளவுதான். அங்கேயே குவிந்து கிடந்த பலாக்கொட்டையில் ஒன்றையாவது அந்த மனுசன் தொட்டுப் பார்த்தாரா? வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற அப்பா என்னையே பார்த்தார். பெருமையாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் என்ன எழுதிக்கொண்டு போனார் என்பதை, பிற்பாடு வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அப்பாதான் நான் பெரியவளான பிறகு சொன்னார். பெட்டியே பாடம் நடத்திவிடுகிறது, மலைக்கு வாத்தியார் தேவையில்லை, மாதம் ஒருமுறை கீழிருந்து ஓர் ஆள் ஏறிப் பெட்டியைப் பார்த்து வந்தால் போதும். ஊசியும் அனுப்ப வேண்டாமாம்! நெஞ்சில் ஈரம் இருக்கிறவன் எழுதுவானா இதை? காய்ச்சலில் கிடந்தவரின் வேலையைப் பறிக்க ஒன்பது வயதுப் பிள்ளையின் சொல்லா சாட்சி? அடுத்தவர் தோளில் உட்கார்ந்து மலையேறியவருக்கு, ஒரு பிள்ளை ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. எழுத்தை நான் பிற்பாடு கிடைத்த காகிதத்தை எல்லாம் படித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டேன். வகுத்தல் எனக்கு இன்று வரை வராது.

தை மாதம் வாத்தியார் மலையேறி வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். நான் ஓடிப்போய், இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன், பென்சிலையும் காட்டினேன். அவர் பென்சிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார்.

"எனக்காகத்தான் சொல்லியிருக்கறே கண்ணு. எனக்குத் தெரியும்."

வகுத்தல் எப்போது என்று கேட்டேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்த் தன் தகரப்பெட்டியை எடுத்துவந்தார். கிராமபோனைச் சுமந்து வந்த அதே தலையில் அப்பா அதை ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் இன்னும் முழுக்க விடவில்லை போலிருக்கிறது, ஊரில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன்.

இருவரும் சரிவில் இறங்கத் தொடங்கியதும் நான் பிள்ளைகளை எல்லாம் உள்ளே கூப்பிட்டேன். புது முள்ளைச் செருகி, பெட்டியை முழுக்கச் சுற்றிவிட்டேன். அந்த அம்மாளின் குரலே அமுங்கிப்போகும்படி பதினைந்து பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். கடைசி வளைவு வரைக்கும் அவருக்குக் கேட்க வேண்டும், இங்கே ஒரு குறையும் இல்லை என்று தெரிந்து அவர் நிம்மதியாகப் போகவேண்டும் என்று.